எலும்பு மட்டும் பெயர் சொல்லாது

1952 ஆகஸ்டு இறுதியில், சென்னையிலிருந்து தனுஷ்கோடிக்குப் போய்க்கொண்டிருந்த ரயிலில் ஒரு டிரங்குப் பெட்டியிலிருந்து நாற்றம் கிளம்பியது. மானாமதுரையில் பெட்டியைத் திறந்தபோது உள்ளே தலையில்லாத ஆண் உடல் கிடந்தது. அடுத்த சில நாட்களில் ராயபுரம் கடற்கரையில் ஒரு தலை ஒதுங்கியது. இரண்டும் சென்னை மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தன. காதிலிருந்த இரட்டைத் துளையையும் பல்வரிசையையும் பார்த்து, இது தன் கணவர்தான் என்றார் ஒரு பெண். இறந்தவர் முன்பு ராணுவத்தில் வேலை பார்த்தவர் என்பதால் அவருடைய கைரேகை அங்கே பதிவாகியிருந்தது. அதுவும் ஒத்துப்போனது. இன்றும் பேசப்படும் ஆளவந்தார் கொலை வழக்கு இதுதான்.

மருத்துவர்களின் திறமையோடு வேறு இரண்டும் அங்கே கைகொடுத்தன. இறந்தவரைத் தேடிக்கொண்டு மனைவி இருந்தார். ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய பதிவு இருந்தது. இந்த இரண்டும் இல்லாவிட்டால், முழு உடலே கிடைத்தாலும் பெயர் கிடைப்பது பெரும்பாடு.

எலும்பு நிறையச் சொல்லும் என்பது உண்மை. இடுப்பெலும்பின் அமைப்பு ஆணா பெண்ணா என்பதைக் காட்டிவிடும். குழந்தையென்றால் பல் முளைத்திருக்கும் நிலையை வைத்து வயதை ஏறக்குறையச் சரியாகக் கணிக்கலாம். தொடையெலும்பின் நீளம் உயரத்தைச் சொல்லும். பழைய முறிவு, அறுவை சிகிச்சையில் பொருத்திய உலோகத் தகடு, அடைத்த பல் எல்லாமே தடயங்கள்தான்.

ஆனால் ஒவ்வொன்றுக்கும் எல்லை உண்டு. பருவமடையாத சிறுவர்களின் எலும்பை மட்டும் பார்த்து ஆண், பெண் என்று உறுதியாகப் பிரிக்க முடியாது. நாற்பதைத் தாண்டியவர்களின் வயதை எலும்பைக் கொண்டு கணிப்பதில் பத்து, பதினைந்து ஆண்டுகள் முன்பின்னாகலாம். உயரத்தைக் கணிக்க உலகெங்கும் பயன்பட்ட புகழ்பெற்ற சூத்திரங்கள், இரண்டாம் உலகப் போரிலும் கொரியப் போரிலும் இறந்த அமெரிக்கப் படைவீரர்களை அளந்து உருவாக்கியவை. உடல்வாகு வேறான மக்களுக்கு அவற்றை அப்படியே பொருத்தினால் கணக்கு பிசகும். இத்தனையையும் தாண்டிக் கிடைப்பது, ‘முப்பது வயதுக்கு மேற்பட்ட ஆண், உயரம் ஐந்தரை அடி’ என்ற விவரம். அதற்குள் லட்சக்கணக்கானோர் அடங்குவார்கள்.

முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாமே என்று தோன்றும். 2004 சுனாமி அந்த நம்பிக்கையைக் குலைத்தது. வெயிலிலும் நீரிலும் கிடந்த உடல்கள் ஊதி நிறம் மாறியதில் பெற்றவர்களுக்கே பிள்ளையைத் தெரியவில்லை. தாய்லாந்தில் பல நாட்டு வல்லுநர்கள் கூடிப் பல், கைரேகை, மரபணு என்று வரிசையாக ஒப்பிட்டார்கள். ஊரில் பல் மருத்துவரின் பதிவேடு வைத்திருந்த ஐரோப்பியப் பயணிகள் முதலில் அடையாளம் காணப்பட்டார்கள். பல் பதிவு இல்லாத தாய்லாந்து மக்கள் பலருக்கு, தேசிய அடையாள அட்டைக்குக் கொடுத்திருந்த கைரேகை உதவியது. நாகப்பட்டினம் மாவட்டத்திலோ இறந்தவர்கள் ஏறத்தாழ 6,000 பேர். நோய் பரவும் என்ற அச்சத்தில் பல உடல்கள் மொத்தமாகக் குழிகளில் புதைக்கப்பட்டன.

மரபணு ஆய்வு வந்த பிறகு எல்லாம் எளிதாகிவிட்டது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. போஸ்னியாவின் கதை வேறு. 1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனிட்சாவில் 8,000க்கும் மேற்பட்ட ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். சில மாதங்களில், கொலையை மறைக்க, அவர்களைப் புதைத்த குழிகளைக் கொன்றவர்களே இயந்திரங்களால் தோண்டி, உடல்களை வேறு இடங்களில் கொட்டி மூடினார்கள். ஒரே மனிதரின் எலும்புகள் பல குழிகளில் சிதறிக் கிடந்தன. காணாமல் போனோருக்கான பன்னாட்டு ஆணையம், உறவினர்கள் 20,000க்கும் மேற்பட்டோரின் ரத்த மாதிரிகளைச் சேகரித்து எலும்புகளோடு ஒப்பிட்டது. ஏறத்தாழ 7,000 பேருக்குப் பெயர் திரும்பக் கிடைத்தது. ஆயினும் கொடுமை அதோடு ஓயவில்லை. கிடைத்த சில எலும்புகளை இப்போதே அடக்கம் செய்வதா, மீதியும் கிடைக்கட்டும் என்று காத்திருப்பதா என்பதைத் தாய்மார்களே முடிவு செய்ய வேண்டியிருந்தது.

யார் யார் இறந்தார்கள் என்ற பட்டியல் கையில் இருந்தால் வேலை சுருங்கும். 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் விழுந்து, தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 260 பேர் இறந்தார்கள். பயணிகளின் பெயர்கள் தெரியும். உறவினர்கள் உடனே வந்து மாதிரி கொடுத்தார்கள். உடல்கள் கருகியிருந்தும் அந்த மாத இறுதிக்குள் அடையாளம் காணும் பணி முடிந்தது.

பட்டியலே இல்லாதபோது என்ன செய்வது? 2015 ஏப்ரல் 18 அன்று லிபியாவிலிருந்து இத்தாலிக்குக் கிளம்பிய மீன்பிடிப் படகு ஏறத்தாழ ஆயிரம் அகதிகளோடு மத்தியதரைக் கடலில் மூழ்கியது. அடுத்த ஆண்டு படகைக் கடலடியிலிருந்து தூக்கினார்கள். மிலான் பல்கலைக்கழகத்தின் தடயவியல் மருத்துவர் கிறிஸ்தினா கத்தானேயோ தலைமையிலான குழு உடல்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தது. ஒரு சிறுவனின் உடையில் பள்ளி மதிப்பெண் அட்டை தைத்து வைக்கப்பட்டிருந்தது. வேறொருவரிடம் சொந்த மண் ஒரு பொட்டலமாக இருந்தது. ஆனால் அவர்களுடைய பெற்றோர் எந்த நாட்டில், எந்த ஊரில் இருக்கிறார்கள், அவர்களிடம் ரத்த மாதிரி எடுப்பது யார் என்ற கேள்விகளுக்கு ஆய்வகத்தில் விடை கிடைக்காது.

இலங்கையில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையானது. மன்னார் சதொச கடை வளாகத்தில் 2018இல் தொடங்கித் தோண்டத் தோண்ட 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வந்தன. அமெரிக்க ஆய்வகமொன்றின் கரிமக் காலக்கணிப்பு, அவை 15 முதல் 17ஆம் நூற்றாண்டு வரையிலானவை என்றது. போர்க்காலத்தில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் அதை ஏற்கவில்லை. இறந்தவர் யார் என்பதற்கு முன்னால் எந்தக் காலத்தவர் என்பதே வழக்காகிவிட்டது.

யாழ்ப்பாணம் செம்மணியில் 2025இல் அரியாலை சிந்துபாத்தி மயானத்தில் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. நீலநிறப் பள்ளிப் பையும் பொம்மையும் கிடைத்தன. அந்தப் பொருட்களை அதே ஆண்டு ஆகஸ்டில் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தார்கள். ஆனால் ஒரு பை ஆயிரம் பிள்ளைகளிடம் இருந்திருக்கும். பொருள் ஒரு தாயைக் குழியருகே அழைத்து வரும். பிள்ளை அவருடையதுதான் என்று உறுதிசெய்ய மரபணுவே வேண்டும். வெப்பமும் ஈரமும் எலும்பிலுள்ள மரபணுவை ஆண்டுதோறும் சிதைக்கின்றன. காதருகே உள்ள கெட்டியான எலும்பிலும் பல்லிலும்தான் அது கூடுதல் காலம் தாங்கும்.

எலும்பு ஒரு பக்கம் சிதைய, மறுபக்கம் உறவினர்கள் வயதாகி மறைகிறார்கள். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்காக 2017 பிப்ரவரி முதல் தொடர்ந்து போராடிவரும் பெற்றோரில் பலர் இறந்துவிட்டார்கள். பெற்றோரின் மாதிரியும் பிள்ளைகளின் மாதிரியும் தரும் உறுதியை அண்ணன் தம்பியின் மாதிரி தராது. ஒன்றுவிட்ட உறவென்றால் இன்னும் குறைவு. இந்தியாவிலும் நிலை திருப்தியாக இல்லை. அடையாளம் தெரியாத உடல்களின் மரபணுவையும் காணாமல் போனோரின் உறவினர் மரபணுவையும் தேசிய அளவில் ஒப்பிட வழிசெய்யவிருந்த 2019ஆம் ஆண்டு மசோதா, அந்தரங்க உரிமை பற்றிய கேள்விகள் தீராத நிலையில் 2023 ஜூலையில் திரும்பப் பெறப்பட்டது. அந்தக் கேள்விகள் நியாயமானவை. அதனால் குற்ற விசாரணைக்குப் பயன்படுத்த முடியாதபடி, காணாமல் போனோருக்கென்று மட்டும் தனியான மாதிரி வங்கி தேவை. புதைகுழி எப்போது திறக்கும் என்று காத்திராமல், இன்று உயிரோடிருக்கும் அம்மாக்களிடமும் அப்பாக்களிடமும் இப்போதே மாதிரி எடுத்துப் பாதுகாக்க வேண்டும்.