பாகு பூசிய பேக்கன்: ஓவனுக்குள் நடக்கும் வேதியியல்

பன்றியின் வயிற்றுப்பகுதி இறைச்சியை உப்பில் ஊறவைத்து, புகையூட்டி, நீளவாக்கில் வார் வாராக வெட்டினால் அது பேக்கன். அந்த வார்களின் மேல் பழுப்புச் சர்க்கரையும் மிளகாய்த்தூளும் தூவி, சர்க்கரை பாகாகி இறுகும்வரை ஓவனில் சுட்டெடுப்பது கேண்டீட் பேக்கன். அமெரிக்காவில் இதற்குப் 'பன்றி மிட்டாய்' என்றே செல்லப்பெயர் உண்டு. செய்முறையை நாலே வரியில் எழுதிவிடலாம். ஆனால் ஓவனுக்குள் இருக்கும் அந்த அரைமணி நேரத்தில் இறைச்சியிலிருந்து நீர் வெளியேற வேண்டும், கொழுப்பு உருகி வடிய வேண்டும், சர்க்கரை கருகாமல் பாகாக வேண்டும். மூன்றும் ஒன்றையொன்று முந்தப் பார்க்கும். முறுகிய துண்டு கிடைப்பதா, கசந்த துண்டு கிடைப்பதா என்பது எது முந்துகிறது என்பதைப் பொறுத்தது.

உப்புக்கண்டம் போட்டுப் பழகிய வீடுகளுக்கு பேக்கனின் முதல் பாதி புதிதல்ல. உப்பு இறைச்சியின் நீரை வெளியே இழுக்கிறது. நீர் குறைந்த இடத்தில் கெடுக்கும் கிருமிகளால் பெருக முடிவதில்லை. பேக்கனில் கூடுதலாகச் சேர்வது சோடியம் நைட்ரைட். பழங்காலத்தில் இந்த வேலையை வெடியுப்பு செய்தது. அதிலுள்ள நைட்ரேட்டை இறைச்சியில் வாழும் பாக்டீரியாக்கள் மெல்ல நைட்ரைட்டாக மாற்றிக்கொடுத்தன. நைட்ரைட்டிலிருந்து பிறக்கும் நைட்ரிக் ஆக்சைடு, தசையின் நிறமியான மயோகுளோபினோடு பிணைந்துகொள்கிறது. சாதாரண இறைச்சி வெந்ததும் சாம்பல் பழுப்பாக மாற, பேக்கன் மட்டும் இளஞ்சிவப்பாகவே இருப்பது இதனால்தான். உப்பிட்ட இறைச்சியின் இந்தச் சிவப்புக்கு நைட்ரிக் ஆக்சைடே காரணம் என்று 1901-இல் விளக்கியவர் பிரிட்டிஷ் உடலியலாளர் ஜான் ஸ்காட் ஹால்டேன். நிறத்தைக் காப்பதைவிடப் பெரிய வேலை ஒன்றும் நைட்ரைட்டுக்கு உண்டு. உயிரைப் பறிக்கும் பாட்டுலிசம் நச்சை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் பாக்டீரியாவை அது தலைதூக்க விடுவதில்லை.

உப்பேற்றுவதில் இரண்டு முறைகள் இருக்கின்றன. உப்பையும் சர்க்கரையையும் இறைச்சியின் மேல் தேய்த்து நாள்கணக்கில் வைத்திருப்பது உலர்முறை. தொழிற்சாலைகளில் உப்புக் கரைசலை ஊசிகளால் உள்ளே செலுத்திவிடுகிறார்கள். அமெரிக்க விதிப்படி, ஊசியேற்றிப் பதப்படுத்தி முடித்த வயிற்றிறைச்சியின் எடை, பச்சையாக இருந்தபோது இருந்த எடையைத் தாண்டக்கூடாது. தாண்டினால் அதை பேக்கன் என்று விற்க முடியாது. பாகு பூசுவதற்கு உலர்முறை பேக்கனே சிறந்தது. ஊசியேற்றிய பேக்கன் வெப்பம் பட்டதும் நீரை விடும். அந்த நீர் மேலே தூவிய சர்க்கரையைக் கரைத்துத் தட்டுக்கு இழுத்துச் சென்றுவிடும். அப்படிப்பட்ட பேக்கன்தான் கிடைத்தது என்றால், உறைநிலையிலிருந்து முழுதாக இளகவிட்டு, துணியாலோ தாளாலோ ஈரம் ஒற்றியெடுத்துவிட வேண்டும்.

புகையின் பங்கும் சிறிதல்ல. மரத்துக்கு விறைப்பைத் தரும் லிக்னின், அனலில் சிதைந்து குவையகால், சிரிங்கால் போன்ற பீனால் சேர்மங்களாகப் புகையில் மிதந்து வருகிறது. பேக்கனின் மணத்தில் பெரும்பங்கு இவற்றுடையது. கொழுப்பு காற்றுபட்டுச் சிக்கு வாடை அடிப்பதையும் இவை தள்ளிப்போடுகின்றன. ஹிக்கரி மரப்புகை அழுத்தமான மணமும் ஆப்பிள் மரப்புகை மென்மையான மணமும் தரும். இனிப்பு சேரும் பண்டத்துக்கு ஆப்பிள் மரப்புகை நன்றாகப் பொருந்தும்.

இனி வீட்டு அடுக்களைக்கு வரலாம். அரைக்கிலோ பேக்கனுக்கு 100 கிராம் பழுப்புச் சர்க்கரை, ஒரு தேக்கரண்டி மிளகாய்த்தூள், அரைத் தேக்கரண்டி மிளகுத்தூள் போதும். உப்பு வேண்டியதில்லை, இறைச்சியிலேயே வேண்டிய அளவு இருக்கிறது. வார் ஒவ்வொன்றும் 3 மில்லிமீட்டர் தடிமனாவது இருக்க வேண்டும். மெல்லிய வார், சர்க்கரை பாகாவதற்குள் வற்றிக் காய்ந்துவிடும். அகலத் தட்டில் அலுமினியத் தாள் விரித்து, அதன்மேல் கம்பித் தட்டை வைத்து, வார்களை ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்ப வேண்டும். ஓவனின் சூடு 175 முதல் 180 டிகிரி செல்சியஸ். உள்ளே காற்றாடி சுழலும் ஓவன் என்றால் 15 டிகிரி குறைத்துக்கொள்ளலாம்.

வாணலியில் இந்தப் பண்டம் சரியாக வராது. பேக்கனின் அடிப்பக்கம் தொடும் உலோகம் எளிதில் 200 டிகிரியைத் தாண்டும். உதிர்ந்து விழும் சர்க்கரை அங்கே நொடியில் கரியாகி, அந்தக் கசப்பு மொத்த வாணலிக்கும் பரவிவிடும். ஓவனில் சூடான காற்று நாலாபக்கமும் சூழ்கிறது. உருகும் கொழுப்பு கம்பிகளின் வழியே கீழே சொட்டிவிடுகிறது. வார் தன் கொழுப்பிலேயே மிதந்து பொரியாமல் வறண்டு முறுகுகிறது.

பல சமையல் குறிப்புகள் தொடக்கத்திலேயே சர்க்கரையைத் தூவச் சொல்கின்றன. அதைவிட, பேக்கனைத் தனியாக 12 முதல் 15 நிமிடம் சுட்டு, வெளியே எடுத்து, அதன்பின் சர்க்கரைக் கலவையை அழுத்திப் பூசுவது மேல். ஈரம் இருக்கும்வரை இறைச்சியின் மேற்பரப்பு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். வந்து சேரும் வெப்பம் முழுவதும் நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகும். முதல் கால்மணி நேரத்தில் அந்த நீரும் கொழுப்பின் ஒரு பகுதியும் போய்விட்டால், பின்னால் வரும் சர்க்கரைக்கு உலர்ந்த தளம் கிடைக்கிறது. அதிலிருந்து இன்னும் 12 முதல் 18 நிமிடம். நடுவில் ஒருமுறை இடுக்கியால் புரட்டிப் போட்டு, மறுபக்கத்துக்கும் கொஞ்சம் சர்க்கரை தூவலாம். கடைசி ஐந்து நிமிடம் ஓவனின் கண்ணாடிக் கதவை விட்டு நகரக்கூடாது. பொன்பழுப்புக்கும் கருகலுக்கும் இடையே இரண்டு நிமிடம்கூட இருக்காது.

அந்தக் கடைசி நிமிடங்களில் இரண்டு வேறுபட்ட வினைகள் ஒரே நேரத்தில் நிகழ்கின்றன. ஒன்று மெய்லார்ட் வினை. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி காமில் மெய்லார்ட் 1912-இல் அமினோ அமிலங்களைச் சர்க்கரையோடு சேர்த்துச் சூடாக்கியபோது கலவை பழுப்பாவதைக் கண்டு எழுதிவைத்தார். அவர் தேடியது உடலுக்குள் புரதம் உருவாகும் வழியை. சமையல் அவர் நோக்கமாக இருக்கவில்லை. ரொட்டியின் மேல்தோல், வறுத்த காப்பிக்கொட்டை, சுட்ட இறைச்சி எல்லாவற்றின் மணத்துக்கும் வேர் அந்த வினைதான் என்பது பின்னால் தெளிந்தது. அதன் படிநிலைகளை ஒழுங்குபடுத்தி 1953-இல் வரைபடமாக்கியவர் அமெரிக்க வேளாண்துறை ஆய்வகத்தின் ஜான் ஹாட்ஜ்.

மற்றொன்று கேரமலாதல். இதற்குப் புரதம் தேவையில்லை. சர்க்கரை தனியாகச் சூடேறிச் சிதைந்தாலே போதும். ஃப்ரக்டோஸ் ஏறத்தாழ 110 டிகிரியிலும் குளுக்கோஸும் சுக்ரோஸும் 160 டிகிரியை ஒட்டியும் இப்படி மாறத் தொடங்கும். முதலில் வெண்ணெய் மணம், அடுத்து வறுத்த கொட்டையின் மணம், அதையும் தாண்டினால் கசப்பு.

வெள்ளைச் சர்க்கரையை விடுத்துப் பழுப்புச் சர்க்கரையைக் கேட்பதற்கான காரணம் இங்கேதான் இருக்கிறது. வெள்ளைச் சர்க்கரை என்பது ஏறக்குறைய தூய சுக்ரோஸ். அது குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் உடையும்வரை மெய்லார்ட் வினைக்குள் நுழைய முடியாது. பழுப்புச் சர்க்கரையில் கரும்புக் கழிவுப்பாகு கலந்திருப்பதால் உடைந்த சர்க்கரைகள் ஏற்கெனவே கொஞ்சம் இருக்கின்றன. நிறம் சீக்கிரம் ஏறும், மணம் கூடும். நம் நாட்டுச் சர்க்கரையும் இதே வேலையைச் செய்யும். ஆனால் ஈரப்பதம் பொட்டலத்துக்குப் பொட்டலம் மாறுவதால், தூவும்முன் உதிரியாக இருக்கிறதா என்று விரலால் அளைந்து பார்த்துக்கொள்வது நல்லது.

தேனைத் தடவினால் மினுமினுப்பு வரும், மொறுமொறுப்பு வராது. பாகு ஆறும்போது படிகமாகாமல் கண்ணாடியைப் போல இறுகுகிறது. எந்த வெப்பநிலைக்கு மேல் அந்தக் கண்ணாடி இளகும் என்பது சர்க்கரைக்குச் சர்க்கரை மாறும். ஈரமில்லாத சுக்ரோஸ் 60 டிகிரி வரை இறுகியே நிற்கும். குளுக்கோஸ் 30 டிகிரியை ஒட்டியே இளகிவிடும். ஃப்ரக்டோஸுக்கு அறைவெப்பமே அதிகம். தேனில் ஃப்ரக்டோஸ்தான் முதலிடம். அதனால் அது விரலில் பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும். மேப்பிள் பாகின் கதை வேறு. சுமார் 40 லிட்டர் மரச்சாற்றைக் காய்ச்சி ஒரு லிட்டராகச் சுண்டவைக்கும் அந்தப் பாகில் இருப்பது பெரும்பாலும் சுக்ரோஸ். ஆனால் மூன்றில் ஒரு பங்கு நீர் என்பதால், கடைசிப் பத்து நிமிடத்தில் மெல்லிய பூச்சாகத் தடவினால் மட்டுமே இறுகும்.

கடலைமிட்டாய்க்குப் பாகு காய்ச்சும்போது ஒரு சொட்டை நீரில் விட்டு, உடைத்துப் பார்த்துப் பதம் சொல்வார்கள். வளைந்தால் பதம் வரவில்லை. சடக்கென்று ஒடிந்தால் வந்துவிட்டது. பேக்கன் மேலுள்ள பாகும் அதே பதத்துக்கு, அதாவது 150 டிகிரியை ஒட்டிய நிலைக்கு வர வேண்டும். சோதிக்க ஒரு வாரை இடுக்கியால் நுனியில் பிடித்துத் தூக்கலாம். மறுமுனை ஈரத்துணிபோலத் தொங்கினால் இன்னும் நேரம் வேண்டும். லேசாக மட்டும் வளைந்து, மேலே குமிழ்கள் சிறுத்து நெருக்கமாகக் கொதித்தால் எடுத்துவிடலாம். அப்போதும் அது மொறுமொறுப்பாக இருக்காது. அதைப் பார்த்துப் பயந்து மறுபடி உள்ளே வைப்பவர்களே அதிகம் கருக்குகிறார்கள். பத்து நிமிடம் ஆறவிட்டால் பாகு கண்ணாடியாகிவிடும்; தட்டில் தட்டினால் ஓசை கேட்கும். ஆறவைக்கும்போது சமையலறைத் தாளின்மேல் போடக்கூடாது. பாகு தாளைப் பற்றிக்கொண்டு பிய்க்கவே முடியாமல் போகும். கம்பித் தட்டிலேயே விட்டுவிடலாம். ஓவனிலிருந்து வந்த பாகு கொதிநீரைவிடச் சூடானது, தோலில் ஒட்டிக்கொள்ளவும் செய்யும். குழந்தைகள் அருகில் இருந்தால் இந்தப் பத்து நிமிடம் மிகுந்த கவனம் தேவை.

உறைப்புக்குக் காரணம் மிளகாயிலுள்ள கேப்சைசின். அது நீரில் கரைவதில்லை, கொழுப்பில் கரையும். வெறும் மிளகாய்த்தூளைப் பேக்கன் மேல் தூவினால் வடியும் கொழுப்போடு காரமும் கீழே போய்விடும். சர்க்கரையோடு கலந்து பூசினால் பாகு அதைப் பிடித்து நிறுத்துகிறது. நாக்கில் வைத்ததும் இனிப்பும் உப்பும் உடனே தெரிய, உறைப்பு சில நொடி பிந்தித்தான் ஏறும். கேப்சைசின் சுவை மொட்டுகளைத் தொடுவதில்லை. வலியைக் கடத்தும் நரம்புமுனைகளிலுள்ள டிஆர்பிவி1 என்ற ஏற்பியைத் தேடி, அது தோலடுக்கைக் கடந்து உள்ளே போக வேண்டியிருக்கிறது. 43 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டையும் இதே ஏற்பிதான் உணர்கிறது. ஆறிய துண்டைவிட வெதுவெதுப்பான துண்டு அதிகம் உறைப்பது அதனால். இந்த ஏற்பியைக் கண்டறிந்து 1997-இல் வெளியிட்ட டேவிட் ஜூலியஸ் 2021-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மிளகின் பிப்பரினும் இதே கதவைத்தான் தட்டுகிறது, ஆனால் மெதுவாக.

இனிப்பு காரத்தை அடக்கும் என்பது அளவீடாகவே மாறிய செய்தி. மெய்லார்ட் தன் முடிவுகளை வெளியிட்ட அதே 1912-இல், அமெரிக்க மருந்தியலாளர் வில்பர் ஸ்கோவில் மிளகாய்ச் சாற்றைச் சர்க்கரைத் தண்ணீரில் கரைத்து, சுவைப்பவருக்குக் காரமே தெரியாமல் போகும்வரை நீர்க்கச் செய்தார். எத்தனை மடங்கு நீர்க்க வேண்டியிருந்ததோ அதுவே ஸ்கோவில் அளவு. பேக்கனுக்கு வழக்கமாகச் சேர்க்கும் கெயென் மிளகாய் 30,000 முதல் 50,000 வரை. பாகில் இவ்வளவு சர்க்கரை இருக்கும்போது, வழக்கமான குழம்புக்குப் போடுவதைவிடக் கொஞ்சம் தாராளமாகவே மிளகாயைப் போடலாம்.

மிஞ்சியதைக் காற்றுப்புகாத டப்பாவில், அடுக்குகளுக்கு இடையே வெண்ணெய்த்தாள் வைத்துக் குளிர்பதனப் பெட்டியில் மூன்று நான்கு நாள் வைத்திருக்கலாம். வெளியே விட்டால், குறிப்பாகக் கடலோர ஊர்களின் புழுக்கத்தில், பாகு காற்றின் ஈரத்தை உறிஞ்சி ஒரு மணி நேரத்துக்குள் ஒட்டத் தொடங்கும்.

உடல்நலத்தைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நைட்ரைட் ஏற்றிய இறைச்சி கடுஞ்சூட்டில் முறுகும்போது நைட்ரோசமைன்கள் உருவாகின்றன. இவற்றில் சில புற்றுநோயைத் தூண்டக்கூடியவை. அதனால்தான் அமெரிக்காவில் ஊசியேற்றும் பேக்கனில் நைட்ரைட்டை 120 பிபிஎம் (பத்து லட்சத்தில் 120 பங்கு) என்று வரையறுத்து, அந்த வினையைத் தடுக்கும் அஸ்கார்பேட்டையோ எரிதார்பேட்டையோ 550 பிபிஎம் சேர்க்க வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். செலரிப் பொடியால் பதப்படுத்தி 'நைட்ரைட் சேர்க்காதது' என்று விற்பதும் வேறல்ல. செலரியின் நைட்ரேட்டிலிருந்து கிடைப்பதும் அதே நைட்ரைட்தான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-இல் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்தது. நாள்தோறும் 50 கிராம் உண்பவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 18 சதவீதம் கூடுகிறது என்பது அதன் கணக்கு. சுட்டுமுடித்த தடித்த வார் ஒன்று 10 முதல் 15 கிராம் இருக்கும். எப்போதாவது ஒரு விருந்து நாளில், கருகிய நுனிகளைக் கிள்ளியெறிந்துவிட்டு, ஆளுக்கு இரண்டு வார் போதும்.