ஜெர்மனி செல்வார்க்குச் சிக்கன வழிகள்

பிரஷ்யா நாட்டிற் பிறந்த சுவார்ட்ஸ் ஐயர் 1762ஆம் ஆண்டில் நமது திருச்சிராப்பள்ளிக்கு வந்து தங்கினார். கோட்டையில் 1766இல் எழுந்த கிறிஸ்து ஆலயம் அவரது முயற்சியின் பயனே. அவர் கப்பலேறுமுன்னரே ஹாலே நகரில் தமிழ் பயிலத் தொடங்கினார் என்பது கருதத்தக்கது. இன்றோ நம் ஊர் இளைஞர் உயர்கல்வியை நாடி, அவர் கற்ற ஜெர்மனி தேசத்திற்குச் செல்கின்றனர். நிலத்தையோ நகையையோ ஈடுவைத்துப் பெற்றோர் பெற்ற கடனே அவருட் பலர்க்கு வழிப்பொருள். ஆதலின், அங்கே செட்டாய்க் காலங்கழிக்கும் முறைகளை ஈண்டு எடுத்துரைப்பாம்.

சின்னக்கடை வீதியிலும் காந்தி மார்க்கெட்டிலும் நாவன்மை உடையவன் நயமாய்ப் பேசி விலையைக் குறைப்பான். ஜெர்மானியக் கடைகளிலோ குறித்த விலை குறித்ததே, பேரத்திற்கு இடமில்லை. எனினும், அத்தேசத்து ஒழுங்குகளை அறிந்தவன் செலவு ஒன்று. அறியாதவன் செலவு வேறொன்று. இதுவே நாம் வற்புறுத்த விரும்பும் உண்மை.

முதலாவது, வரவை அறிக. மாணவர் தம் செலவிற்கென ஆண்டொன்றுக்கு 11,904 யூரோ காட்டல் வேண்டும் என 2024ஆம் ஆண்டில் விதிக்கப்பட்டது. அது மாதம் 992 யூரோ ஆகும். வாடகை, மருத்துவக் காப்புறுதி, உணவு, பிரயாணம் யாவும் அதனுள் அடங்குதல் வேண்டும். 2025ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு யூரோ நூறு ரூபாய்க்கு மேற்பட்டிருந்தமையால், அங்கே வீணாகும் சில்லறையும் இங்கே சிறு தொகையன்று.

இரண்டாவது, சாமான் வாங்குதல். ஆல்டி, லிடில், பென்னி முதலிய கடைகளில் விலை குறைவு. சரக்கின் வகைகளைச் சுருக்கியும், பெட்டியோடு அப்படியே அடுக்கியும், தம் சொந்தப் பெயரிட்ட பண்டங்களை விற்றும் அவர்கள் செலவைக் குறைக்கின்றனர். விலைச்சீட்டில் பெரிய எழுத்திலுள்ள விலையை மட்டும் நோக்கற்க. கிலோவுக்கு அல்லது லிட்டருக்கு என்ன விலை என்பதும் சிற்றெழுத்தில் அங்கே காணப்படும். அதனை ஒப்பிடுவதே மெய்யான பேரமாகும். பைக்குத் தனி விலையுண்டாதலால் கையிற் பை கொண்டு செல்க. ஞாயிற்றுக்கிழமையிலும் பொது விடுமுறையிலும் பெரும்பாலான கடைகள் அடைபட்டிருக்கும். பெரிய ரயில் நிலையங்களில் சில திறந்திருப்பினும் அங்கே விலை அதிகம். ஆதலின் சனிக்கிழமையே வாங்கி வைத்தல் நன்று.

பானம் அடைத்த பிளாஸ்டிக் புட்டிக்கும் தகரக் குவளைக்கும் 25 சென்ட் ஈட்டுத்தொகை பெறுகின்றனர். இதற்கு ‘ஃபாண்ட்’ என்று பெயர். வெறும் புட்டியைக் கடையிலுள்ள இயந்திரத்தில் இட்டால் அத்தொகை திரும்பக் கிடைக்கும். குழாய் நீர் பருகத்தக்கதாகையால் நீரை விலைக்கு வாங்குவதே அநாவசியம். ‘மென்சா’ எனப்படும் சர்வகலாசாலை உணவுச்சாலையில் மாணவர்க்குக் குறைந்த விலையில் பகலுணவு கிடைக்கும். பாத்திரம், மேசை, மிதிவண்டி ஆகியவற்றைப் பழம்பொருட் சந்தைகளில் வாங்கலாம். அங்கு மாத்திரம் நம் சின்னக்கடை வீதிப் பயிற்சி பயன்படும்.

மூன்றாவது, பிரயாணம். ஸ்ரீரங்கம் செல்லும் ஒன்றாம் எண் பேருந்தில் நடத்துநர் நம்மிடம் வந்து சீட்டுக் கிழித்துத் தருவார். ஜெர்மனியில் ரயில் நிலைய வாயிலில் சீட்டுக் கேட்பாரில்லை; பரிசோதகர் திடீரென வருவர். சீட்டு இல்லையேல் 60 யூரோ அபராதம். சில ஊர்களில் சீட்டை வாங்கியபின் இயந்திரத்தில் முத்திரையும் இடுதல் வேண்டும். ‘அறியேன்’ என்னும் சொல் அங்கே எடுபடாது.

2023 மே மாதத்தில் 49 யூரோவுக்குத் தொடங்கிய ‘டாய்ச்லாந்து டிக்கெட்’ என்னும் மாதச் சீட்டு, 2025இல் 58 யூரோவாகவும், 2026 ஜனவரியில் 63 யூரோவாகவும் உயர்ந்தது. அதனைக் கொண்டு நாடெங்கும் நகரப் பேருந்திலும், டிராம் வண்டியிலும், வட்டார ரயில்களிலும் செல்லலாம். நெடுந்தூர விரைவு வண்டிகளில் செல்லுபடியாகாது. மாதத்தின் 10ஆம் தேதிக்குள் நிறுத்தாவிடின் அடுத்த மாதப் பணமும் கணக்கிலிருந்து பிடிக்கப்படும். பல சர்வகலாசாலைகளில் பருவக் கட்டணத்துடனேயே பிரயாணச் சீட்டும் சேர்ந்திருக்கும். அதனை விசாரியாமல் வேறு சீட்டு வாங்குவோர் ஒரு செலவை இருமுறை செய்தவராவர். விரைவு வண்டியிற் செல்ல நேரின், பல வாரங்களுக்கு முன்னரே சலுகைச் சீட்டு வாங்குக. ஆயின் அச்சீட்டு குறித்த வண்டிக்கே உரியது. நம் தாமதத்தால் அவ்வண்டியைத் தவறவிட்டால் பணமும் தவறிற்று.

நண்பர்களே, செட்டாயிருத்தல் பட்டினி கிடத்தல் அன்று. உடல் நலத்திற்கும் நூலுக்கும் செலவிடவே வீண் செலவைத் தடுக்கிறோம். சுவார்ட்ஸ் ஐயர் இங்கு வருமுன் நம் மொழியைக் கற்கத் தொடங்கினார். நீங்களும் விமானம் ஏறுமுன் அந்நாட்டு மொழியிற் சிறிதும், அந்நாட்டு முறைகளை முற்றும் கற்றுச் செல்வீராயின், வீட்டார் தந்த பொருள் படிப்பு முடியுமட்டும் உங்களுக்குத் துணைநிற்கும்.