இல்லம் என்னும் சொல்லின் விலை

எனக்கு இலக்கணம் கற்பித்த ஆசிரியர் ஒருவர் தமது இறுதிக் காலத்தை முதியோர் இல்லமொன்றிலே கழித்தார். மனைவியார் காலமாகிவிட்டார், பிள்ளைகள் கடல் கடந்து சென்றுவிட்டனர். அவரைக் காண ஒருநாள் சென்றிருந்தேன். முற்றம் கூட்டிப் பெருக்கப்பட்டிருந்தது. படுக்கை விரிப்புகள் வெண்மையாக இருந்தன. உணவும் மருந்தும் நேரந்தவறாது வருகின்றன என்று அவரே சொன்னார். "உங்கள் புத்தகங்கள் எங்கே, ஐயா?" என்று வினவினேன். விறாந்தையின் கோடியில் நின்ற அலுமாரியைக் காட்டினார். "திறப்பு கந்தோரில் இருக்கிறது. கேட்டால் தருவார்கள். ஆனால், கேட்க வேண்டும், தம்பி" என்றார்.

புறப்படும்போது, வருகை தருவோர் கருத்தெழுதும் புத்தகத்தை என்முன் நீட்டினர். 'மிகவும் சுத்தமாகவும் ஒழுங்காகவும் இருக்கின்றது' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். எழுதியது பொய்யன்று. ஆயினும், வீடு வந்து சேரும்வரை அந்த வாக்கியம் என் நெஞ்சை உறுத்திக்கொண்டே இருந்தது. ஓர் இல்லத்தின் பராமரிப்பு நன்று என்றோ தீது என்றோ எதனைக் கொண்டு சொல்வது?

இவ்வினாவை இங்கிலாந்திலே முறைப்படி எழுப்பியவர் பீற்றர் ரவுண்சென்ட் என்னும் சமூகவியலாளர். அந்நாட்டில் 1834ஆம் ஆண்டின் வறியோர் சட்டத்தின்கீழ்ப் பெருகிய ஏழையர் விடுதிகள், உள்ளே வருவோர் நாணும்படியாகவே அமைக்கப்பட்டவை. கணவன் ஒரு பக்கமும் மனைவி மறுபக்கமுமாகப் பிரிக்கப்பட்டனர். 1948ஆம் ஆண்டில் அச்சட்டம் ஒழிக்கப்பட்டது. இனி முதியோர் விடுதிகளில், தங்குவிடுதி நடத்துபவருக்கும் விருந்தினருக்கும் இடையே உள்ள உறவை ஒத்த உறவே நிலவும் என்ற கருத்தினை அமைச்சர் அனுரின் பெவன் நாட்டின்முன் வைத்தார்.

பத்து ஆண்டுகள் கழிந்தன. வாக்குறுதி என்னவாயிற்று என்பதைக் காண ரவுண்சென்ட் புறப்பட்டார். 1958, 1959ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்திலும் வேல்சிலுமாக 173 இல்லங்களுக்குச் சென்றார். மேலாளர்களோடு பேசியதுடன் அவர் நின்றுவிடவில்லை. புதிதாக வந்து சேர்ந்த முதியோரிடம் அவர்கள் கதையைக் கேட்டார், புகைப்படங்கள் எடுத்தார், மான்செஸ்ரர் நகரிலே பழைய ஏழையர் விடுதியாய் இருந்த ஓரிடத்தில் சில நாட்கள் தாமே பணியாளராகி முதியோரைக் குளிப்பாட்டவும் செய்தார். 1962இல் வெளிவந்த அவரது நூலுக்கு 'இறுதிப் புகலிடம்' என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார்.

அவர் கண்டது யாது? பெயர்ப்பலகை மாறியிருந்தது, பல இடங்களில் கட்டடமும் வழக்கமும் மாறவில்லை. நெருக்கமாகப் போடப்பட்ட கட்டில்கள். சுவரோரமாக வரிசையாக வைக்கப்பட்ட கதிரைகள். அவற்றிலே ஒருவரோடொருவர் பேசாதிருக்கும் முதியோர். தமக்கென ஓர் இழுப்பறையோ, பழைய படமொன்றை மாட்ட ஓர் ஆணியோ இல்லாதவர் பலர். அவர்களுள் அநேகர், சிறிது உதவி கிடைத்திருப்பின் தம் சொந்த வீட்டிலேயே வாழக்கூடியவர்கள். எனவே, பெரிய இல்லங்களை விடுத்து, முதியோர் தம் கதவைத் தாமே பூட்டித் திறக்கும் சிறு வீடுகளையும், வீடு தேடிவரும் உதவியையும் பெருக்க வேண்டும் என்று அவர் வாதாடினார்.

நமது வினாவுக்கு அவர் செய்த பேருதவி இன்னொன்று. இல்லங்களின் தரத்தை அளக்க அவர் ஓர் அளவுகோல் அமைத்தார். கட்டட வசதி, பணியாளர் என்பவற்றோடு, பொழுதைப் பயனுறக் கழிக்கும் வழி, அன்றாட வாழ்விலே உள்ள சுதந்திரம், பிறரோடு கொள்ளும் தொடர்பு ஆகியவற்றையும் அதிலே சேர்த்தார். விழித்தெழும் நேரத்தைத் தீர்மானிப்பவர் யார் என்பதும், கூரை ஒழுகுகின்றதா என்பதைப் போலவே தரத்தைப் பற்றிய வினாவாயிற்று.

1966ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அவெடிஸ் டொனபீடியன் என்ற பேராசிரியர், வைத்தியப் பராமரிப்பை மதிப்பிடுதல் பற்றிய புகழ்பெற்ற கட்டுரையொன்றை வெளியிட்டார். பெய்ரூட்டிலே பிறந்த ஆர்மீனிய வைத்தியர் அவர். பராமரிப்பை அமைப்பு, செயல்முறை, விளைவு என மூவகையாய் நோக்கலாம் என்பது அவர் காட்டிய நெறி. எத்தனை கட்டில், எத்தனை தாதியர் என்பது அமைப்பு. படுக்கையிற் கிடப்பவரைக் காலந்தவறாது புரட்டிப் படுக்கவைக்கின்றனரா என்பது செயல்முறை. அவர் முதுகிலே புண் வந்ததா, வரவில்லையா என்பது விளைவு. மூன்றையும் ஒருங்கே நோக்காதவன் ஏமாறுவான்.

எவ்வாறு ஏமாறுவான்? விழுந்து காயமுறும் முதியோரின் தொகை ஓர் இல்லத்திலே மிகக் குறைவு என வைத்துக்கொள்வோம். விளைவு நன்றே. ஆனால், அவர்களைக் கதிரையோடு பட்டியாற் கட்டிவைத்தாலும் எவரும் விழமாட்டார். இத்தகைய கட்டுதல் அமெரிக்க இல்லங்களில் ஒருகாலத்தில் மலிந்திருந்தது. பணியாளர் வசதிக்காகவோ தண்டனையாகவோ ஒருவரைக் கட்டிவைக்கலாகாது என்பதை 1987ஆம் ஆண்டுச் சட்டம் முதியோரின் உரிமையாக்கிய பின்னரே அது வெகுவாகக் குறைந்தது. மறுபுறத்தில், பிறர் ஏற்க மறுக்கும் கடும் நோயாளரை மனமுவந்து ஏற்கும் இல்லத்திலே மரணமும் புண்ணும் மிகுதியாகத் தோன்றலாம். எண்ணை மட்டும் பார்ப்பவன் கட்டிவைத்தவனைப் புகழ்ந்து, ஏற்றுக்கொண்டவனை இகழ்வான்.

2008ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்க அரசு தாதியர் இல்லங்களுக்கு ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரங்கள் வழங்கத் தொடங்கியது. பரிசோதகரின் அறிக்கை, பணியாளர் தொகை, பராமரிப்பின் தரக் குறியீடுகள் ஆகிய மூன்றும் அதற்கு அடிப்படை. இவற்றுள் பின்னைய இரண்டும் தொடக்கத்தில் இல்லங்கள் தாமே தம்மைப்பற்றிக் கொடுத்த கணக்குகள். மாணவன் தன் விடைத்தாளுக்குத் தானே புள்ளியிட்டால் என்ன நிகழும் என்பதை ஆசிரியர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2016 முதல், பணியாளர் விபரத்தைச் சம்பளப் பதிவேட்டின்படி சமர்ப்பிப்பது கட்டாயமாயிற்று.

சுதந்திரம் என்பது அழகிய சொல்தானே, அதனால் உடலுக்கு என்ன பயன் என்று சிலர் கேட்கலாம். எலன் லாங்கர், யூடித் ரொடின் என்னும் இரு உளவியலாளர் 1976இல் வெளியிட்ட ஆய்வொன்று இதற்கு விடை தேடியது. இல்லமொன்றின் ஒரு மாடியில் உள்ளோருக்குச் சிறு செடிகளைக் காட்டி, விரும்பியதைத் தெரிந்தெடுத்துத் தாமே வளர்க்கும்படி கூறினர். உங்கள் வாழ்வுக்கு நீங்களே பொறுப்பு என்றும் உரைத்தனர். மற்றொரு மாடியில் உள்ளோருக்கும் செடி கிடைத்தது. ஆனால், தாதியரே நீர் ஊற்றினர். சில கிழமைகளில் முதற்குழுவினர் கூடிய உற்சாகமும் விழிப்பும் உடையோராய்க் காணப்பட்டனர். ஆய்வுக்குட்பட்டோர் தொகை சிறியது. பின்னர் மரண விகிதம் பற்றி வெளியிட்ட கணிப்பிலே நேர்ந்த பிழையை அவர்களே திருத்தவும் நேர்ந்தது. ஆதலின், செடி ஆயுளை வளர்க்கும் என்று முரசறைதல் தகாது. தெரிந்தெடுக்கும் உரிமை மனத்தை விழிப்புறச் செய்கின்றது என்ற அளவிலே அதனை ஏற்கலாம்.

இவையெல்லாம் பிறநாட்டார் கதை என்று நாம் வாளாவிருத்தல் இயலாது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கை மக்களுள் 12.4 வீதத்தினர் அறுபது வயதை எய்தியோர். முதியோர் உரிமைகளைப் பாதுகாக்க 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் உண்டு. சட்டம் பதிவேட்டைப் பார்க்கும். பரிசோதகர் ஆண்டிலே ஒருநாள் வரலாம். மற்றைய நாட்களில் கண்ணாய் இருக்க வேண்டியவர் உறவினரும் மாணாக்கரும் அயலவருமே.

அவர்கள் எதனைப் பார்க்க வேண்டும்? குறித்த நேரத்தில் மட்டும் செல்லாது, மாலை மங்கும் வேளையிலும் உணவு வேளையிலும் செல்லுதல் நன்று. தண்ணீர்க் குவளை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றதா? மூக்குக்கண்ணாடி முகத்தில் இருக்கின்றதா, மேசையில் இருக்கின்றதா? உணவை ஊட்டுபவர் அமர்ந்து ஊட்டுகின்றாரா, அடுத்த கட்டிலைப் பார்த்தபடி நின்று ஊட்டுகின்றாரா? முதியவரைப் பெயர் சொல்லியோ, அம்மா, ஐயா என்றோ அழைக்கின்றனரா, கட்டில் இலக்கத்தால் அழைக்கின்றனரா? அவர் பேசும் மொழியில் அவரோடு பேச இரவிலும் ஒருவர் உண்டா?

பணியாளரைப் பற்றியும் நீதியாகப் பேசவேண்டும். குறைந்த ஊதியத்தில், பலரைத் தனியொருவராய்த் தூக்கி, துடைத்து, உடைமாற்றும் பெண்ணிடம் இன்முகத்தையும் நாம் எதிர்பார்க்கின்றோம். அவளுக்கு ஓய்வு உண்டா, துணைக்கு இன்னொருத்தி உண்டா, எத்தனை ஆண்டுகளாக அங்கே பணிபுரிகின்றாள் என்பவற்றையும் வினவ வேண்டும். பணியாளர் நிலைத்து நில்லாத இல்லத்தில், யாருக்குத் தேநீரிலே சீனி வேண்டாம் என்பதை எவரும் அறியார்.

மடம், சத்திரம், விடுதி எனப் பல சொற்கள் நம் மொழியில் இருக்க, முதியோர் வாழும் இடத்துக்கு 'இல்லம்' என்ற சொல்லையே நாம் தெரிந்துகொண்டோம். தன் இல்லத்திலே ஒருவன் விரும்பியபோது விளக்கை அணைப்பான். பசியில்லையெனில் உணவை மறுப்பான். தன் பொருளைத் தானே எடுப்பான். பலகையிலே அச்சொல்லை எழுதுவோர் இவ்விலையைக் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள்.

அடுத்த மாதம் மீண்டும் ஆசிரியரைக் காணச் சென்றேன். முதலில் கந்தோருக்குச் சென்று, திறப்பைப் பற்றி மேற்பார்வையாளரிடம் பேசினேன். அவர் கோபிக்கவில்லை, வியந்தார். "காணாமற் போய்விடும் என்று நாங்கள்தான் வாங்கி வைத்தோம். அவர் ஒருநாளும் கேட்கவில்லையே" என்றார்; உடனே எடுத்துக் கொடுத்தார். ஒரு சதமும் செலவாகவில்லை. அன்று ஆசிரியர் அலுமாரியைத் திறந்து ஒரு நூலை எடுத்து, பக்கங்களைப் புரட்டி, நான் பள்ளியில் விட்ட பிழையொன்றை நினைவூட்டிச் சிரித்தார். திறப்பைத் தலையணையின்கீழ் வைத்துக்கொண்டார். கருத்தெழுதும் புத்தகத்தில் அன்று நான் ஒன்றும் எழுதவில்லை.