கண்ணாடிப் பெட்டியில் தேனீயின் பஞ்சகாலம்

தேனீக்கள் குளிர்காலத்தில் உறங்குவதில்லை. ஐரோப்பாவின் பனி மாதங்களில் அவை ஒன்றையொன்று நெருங்கித் திரண்டு, பறத்தற்குரிய தசைகளை அதிரச் செய்து வெப்பம் உண்டாக்குகின்றன. அவ்வெப்பத்திற்கு எரிபொருள் சேமித்த தேனே. அது தீர்ந்தால் கூட்டம் முழுவதும் மடியும். காஷ்மீரத்தில் நம் நாட்டுத் தேனீயும் இம்முறையிலேயே குளிரைக் கடக்கிறது.

சித்தூர் மாவட்டத்துக் கார்வேட்டிநகரத்தில் இத்தகைய பனி இல்லை. ஆயினும் அவ்வட்டாரத்துத் தேனீக்கும் நெருக்கடியான பருவம் ஒன்று உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பெய்யும் நாட்களில் தேனீக்கள் வெளியே செல்ல இயலாது. மலர்களிலுள்ள மதுவும் மழைநீரில் கரைந்துவிடும். பின்னர் மாவும், அதன்பின் வேம்பு, புங்கு, புளி முதலியனவும் பூக்கும்போதுதான் வரவு பெருகும். இடைப்பட்ட காலமே இங்குத் தேனீயின் குளிர்காலம் எனலாம்.

பள்ளிகளில் பாடத்திற்காக வைக்கப்படும் கண்ணாடித் தேனீப் பெட்டி இப்பருவத்தில் முதலில் இடருக்கு உள்ளாகிறது. காரணம் அதன் அமைப்பிலேயே உள்ளது. 1911 முதல் 1917 வரை தென்னிந்தியாவில் தேனீ வளர்ப்பைப் பரப்பிய நியூட்டன் பாதிரியார் அமைத்த பெட்டியில், புழு வளர்ப்பு அறையில் ஏழு சட்டங்கள் உண்டு. அடைகளின் இடைவெளிகளில் தேனீக்கள் நெருங்கி நிற்பதால் வெப்பம் காக்கப்படும். கண்ணாடிப் பெட்டியிலோ ஓரிரு அடைகளே உள்ளன. அவற்றின் முகங்கள் கண்ணாடியை ஒட்டியிருப்பதால் வெப்பம் எளிதில் வெளியேறுகிறது. புழுக்களுக்கு ஏறத்தாழ 33 முதல் 35 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். மழைக்கால இரவுகளில் அதனைக் காக்க, சிறிய கூட்டம் தன் சொற்பச் சேமிப்பை விரைந்து செலவிடுகிறது.

இந்நிலையைக் கண்ணாடி வழியே தெளிவாகக் காணலாம். அடையின் மேற்புறத்தில் மூடி போட்ட தேன் அறைகள் குறையும், மகரந்தம் அருகும், ராணி முட்டையிடுவது தளரும். பற்றாக்குறை மிகுந்தால் வேலைக்காரத் தேனீக்கள் இளம் புழுக்களையே உண்டுவிடுவதுண்டு. அதன் பின்னரும் உணவு கிட்டாவிடில் இந்தியத் தேனீ கூட்டைக் கைவிட்டுப் பறந்துபோகும். ஆசிரியர் கண்ணாடியின்மீது நூலால் கட்டங்கள் அமைத்து, தேன், மகரந்தம், புழு ஆகியவை நிறைந்த கட்டங்களை வாரந்தோறும் மாணவரைக் கொண்டு எண்ணிக் குறிக்கச் செய்யலாம். இக்குறிப்பேடு நல்ல பாடமாவதோடு முன்னெச்சரிக்கையும் ஆகும்.

தேன் அறைகள் குறையக் கண்டதும், சர்க்கரையும் நீரும் சம அளவில் கலந்த பாகைச் சிறிது சிறிதாக, மாலை வேளையில், பெட்டிக்குள்ளேயே வைத்தல் வேண்டும். பகலில் வைத்தாலும் வெளியே சிந்தினாலும் பிற கூட்டத் தேனீக்கள் கொள்ளையிட வரும். பார்க்கும் நேரம் தவிரக் கண்ணாடியை மரப்பலகையாலோ கம்பளியாலோ மூடி வைக்க வேண்டும். வெற்று அடைகளில் மெழுகுப் பூச்சி புகாதவாறு, தேனீக்கள் மொய்க்காத அடையை அகற்றிவிடுதல் நன்று.

கூட்டம் மிகவும் சிறுத்திருப்பின், மழை தொடங்குமுன் அதனைச் சாதாரண மரப்பெட்டிக்கு மாற்றிவிடுவதே பாதுகாப்பானது. மற்றொரு கூட்டத்துடன் சேர்ப்பதாயின், முதலில் புழுக்களை ஆராய வேண்டும். தலை மேல்நோக்கி வளைந்து, நீர் நிரம்பிய பைபோல் இறந்து கிடக்கும் புழுக்கள் தாய் சேக்புரூட் என்னும் நச்சுயிரி நோயின் அடையாளமாகும். 1991-92ஆம் ஆண்டுகளில் தென்னிந்தியாவின் பெருந்தொகையான கூட்டங்களை அழித்தது இந்நோயே. இவ்வடையாளம் காணப்பட்டால் அடைகளை வேறு பெட்டிக்கு மாற்றலாகாது.

மாம்பூக் காலத்தில் வரவு மீண்டதும் கூட்டத்தைக் கண்ணாடிப் பெட்டிக்கு மீட்டுக் கொணரலாம். தேனீயின் வாழ்வைக் காட்டுவதற்காக அமைந்த பெட்டியில் அவ்வாழ்வு அழியாமல் காப்பது, அதனை வைத்திருப்போரின் கடமையாகும்.