இங்கிலீஷ் கிராமர்... நீங்களே வாத்தியார்!

பீளமேடு ஹோப் காலேஜ் ஸ்டாப்பில் பத்து நிமிஷம் நின்னு பாருங்க... வருங்கால இன்ஜினீயர்கள் கூட்டம் கூட்டமா போவாங்க. கோபி, தாராபுரம், அந்தியூர்னு பல ஊர்கள்ல தமிழ் மீடியம் படிச்சுட்டு, கணக்குல பின்னியெடுத்து வந்தவங்க அதுல நிறையப் பேர். ஆப்டிட்யூட் ரவுண்டை ஊதித் தள்ளுவாங்க. ஆனா, குரூப் டிஸ்கஷன்ல உட்கார்ந்தா வாய்க்குப் பூட்டு! சரக்கு இருக்கு, சொல்ல வரலை. அதனாலேயே கைக்கு வந்த வேலை நழுவிப் போகுது.

இதுக்கு ஆயிரக்கணக்குல ஃபீஸ் கட்டி கிளாஸ் போகணும்னு கட்டாயம் இல்லீங்க. ஹாஸ்டல் ரூம்லயே படிக்கலாம். சரியான வழிகாட்டிதான் முக்கியம்!

நம்ம வீட்டு அலமாரிகள்ல தூங்குற கிராமர் புத்தகம், 'ரென் அண்ட் மார்ட்டின்'. அதை எழுதின பி.சி.ரென், 1924-ல் வெளியான 'பியூ ஜெஸ்ட்' நாவலால் பேர் வாங்கினவர். கெட்டியான புத்தகம்தான். ஆனா, விடைகளுக்குத் தனி 'கீ' புத்தகம் வாங்கணும். வாத்தியார் இல்லாம தனியா உட்கார்றவங்க, செஞ்சது சரியா தப்பான்னு தெரியாமலே மூடி வெச்சுடுவாங்க.

தனியா படிக்கிறவங்களுக்குன்னே வந்தது ரேமண்ட் மர்ஃபியின் 'இங்கிலீஷ் கிராமர் இன் யூஸ்'. 1985-ல் கேம்பிரிட்ஜ் வெளியிட்டது. 2019-ல் வந்த ஐந்தாம் பதிப்பில் 145 யூனிட். இடது பக்கம் விளக்கம், வலது பக்கம் பயிற்சி, கடைசியில் விடைகள். அவ்வளவுதான்! இதுவே கஷ்டமா இருக்கா? ஆரம்ப நிலைக்கு அவரோட 'எஸென்ஷியல் கிராமர் இன் யூஸ்' இருக்கு. முதல்ல காலேஜ் லைப்ரரியில தேடிப் பாருங்க.

முக்கியமான விஷயம், முதல் யூனிட்ல இருந்து வரிசையா படிக்க வேண்டாம். புத்தகத்தின் பின்னாடி 'ஸ்டடி கைடு'ன்னு ஒரு சின்ன டெஸ்ட் இருக்கு. எது தப்பாச்சோ, அதுக்கு எந்த யூனிட் படிக்கணும்னு பக்கத்துலேயே போட்டிருக்கும். அதை மட்டும் படிச்சா போதும்!

நாம வழக்கமா எங்கே சறுக்குறோம்? தமிழ்ல நினைச்சு அப்படியே மாத்துற இடத்துல! 'ரெண்டு வருஷமா இங்க படிக்கிறேன்' - இதை 'ஐ ஆம் ஸ்டடியிங் ஹியர் சின்ஸ் டூ இயர்ஸ்'னு சொல்லிடுறோம். 'ஐ ஹேவ் பீன் ஸ்டடியிங் ஹியர் ஃபார் டூ இயர்ஸ்' என்பதே சரி. ஈஸியா ஞாபகம் வெச்சுக்க ஒரு வழி... 'ரெண்டு வருஷமா'ன்னா 'ஃபார்', 'போன ஜூன்லேர்ந்து'ன்னா 'சின்ஸ்'!

அடுத்தது 'இல்லையா?'. தமிழ்ல யாருக்கும் எதுக்கும் இந்த ஒரே வார்த்தை போதும். இங்கிலீஷ்ல அப்படி இல்லை. 'யூ ஆர் ஃப்ரம் கோயம்புத்தூர்'க்குப் பின்னாடி 'இஸின்ட் இட்' வராது, 'ஆரின்ட் யூ' வரணும்.

எப்படிப் படிக்கலாம்? ஒரு நாளைக்கு ஒரே ஒரு யூனிட். விடையைப் பார்க்காம பென்சில்ல எழுதுங்க. அப்புறம் சிவப்புப் பேனாவால நீங்களே திருத்துங்க. தப்பானதை ஒரு வாரம் கழிச்சு மறுபடி போடுங்க. அந்த யூனிட்டை வெச்சு உங்க ஊர், உங்க புராஜெக்ட் பத்தி மூணு வாக்கியம் சொந்தமா எழுதி, ரூம் மேட்கிட்ட சத்தமா சொல்லுங்க. இந்தக் கடைசி வேலையை மட்டும் விட்டுடாதீங்க. புத்தகம் தப்பைத் திருத்தும். பேச வேண்டியது நம்ம வாய்தான்!

நாற்பது யூனிட் தேவைப்பட்டாலும் நாற்பதே நாள். ஒரு செமஸ்டருக்குள்ள முடிஞ்சிடும். கம்பெனிக்காரங்க கேம்பஸுக்கு வர்றதுக்குள்ள பூட்டைத் திறந்துடலாம். சாவி அந்தப் புத்தகத்தோட கடைசிப் பக்கங்கள்லயே இருக்கு பாஸ்!