பீரில் குடைமிளகாய் வாசம்

காபி சேர்த்த பீரில் குடைமிளகாய் வாசம் வருமா? வரும், நேயர்களே!

ஸ்டவுட் என்பது கறுப்பு பீர். கருக வறுத்த பார்லியே அதற்குக் காபிச் சுவையைக் கொடுத்துவிடும். அயர்லாந்தின் பழைய பாணி ஸ்டவுட்டில் காபித்தூள் ஒரு சிட்டிகைகூடக் கிடையாது. அமெரிக்காவில் சில ஆலைகள் சும்மா இருக்காமல் நிஜக் காபியையே சேர்க்கின்றன. வம்பு அங்கேதான்! சில காபிக்கொட்டைகள் பீரில் ஊறும்போது பச்சைக் குடைமிளகாய் நெடி கிளம்பிவிடும்.

டென்வர் நகரில் நடக்கும் கிரேட் அமெரிக்கன் பீர் ஃபெஸ்டிவலில் காபி பீருக்கென்றே தனிப் போட்டி உண்டு. இப்படிப்பட்ட போட்டிகளில் நடுவர்கள் குடிப்பதற்கு முன்னால் மோந்துதான் பார்ப்பார்கள். ரொம்பக் குளிர்ந்திருந்தால் வாசம் அமுங்கிவிடுமே, அதனால் ஜில்லிப்பு கொஞ்சம் தணியவும் விடுவார்கள். காபி மணம் தூக்கலாக இருக்கலாம், தப்பில்லை. குடைமிளகாய் எட்டிப்பார்த்தால் மட்டும் மதிப்பெண் குறைந்துவிடும்!