மடிக்கணினியில் ஒரு பட்டிமன்றம்

நாகபுரியில் இரயில்வே குமாஸ்தாவாக ஊழியம் புரியும் நமக்கு, தமிழ் நிகழ்ச்சிகள் ஒளிபரப்பாகும் வேளையில் இல்லத்திலிருக்கும் பேறு வாய்ப்பது அரிது. நம் அன்னையார் இந்தி அறியார். பண்டிகை நாட்களில் வரும் பட்டிமன்றமே அவருக்குப் பெருவிருந்து. அதை மகனோடும் பேரனோடும் அமர்ந்து காண்பது அவர் ஆசை. அதன்பொருட்டு, கேபிள் நிகழ்ச்சிகளை மடிக்கணினியில் பதியும் முறையைக் கற்றோம். சங்க அன்பர்களுக்கும் பயன்படுமெனக் கருதி அதனை இங்கு வரைகிறோம்.

முன்னாளில் கேபிள் கம்பியை நேரே கணினியில் செருகிப் படம் பிடிக்கும் அட்டைகள் பயன்பட்டன. 2012 முதல் 2017 வரை நான்கு கட்டங்களாக நாட்டில் கேபிள் ஒளிபரப்பு டிஜிட்டல் முறைக்கு மாற்றப்பட்டது. இப்போது நிகழ்ச்சிகள் பூட்டப்பட்டே வருகின்றன. செட்டாப் பெட்டியே திறவுகோல். ஆதலின் பதிவும் அங்கிருந்தே தொடங்கவேண்டும்.

பெட்டியின் பின்புறம் மஞ்சள், சிவப்பு, வெள்ளை நிறத் துளைகள் இருப்பின் நலம். மஞ்சள் படத்திற்கு, மற்றவை ஒலிக்கு. இவற்றை யு.எஸ்.பி. கேப்சர் கருவி வழியாக மடிக்கணினியுடன் இணைத்து, ஓ.பி.எஸ். ஸ்டூடியோ என்னும் இலவச மென்பொருளைக் கொண்டு பதியலாம். எச்.டி.எம்.ஐ. துளையில் படம் தெளிவாயினும், நகல்தடுப்புப் பூட்டு இருப்பின் கறுப்புத் திரையே மிஞ்சும். விநாடிக்கு 20 இலட்சம் பிட் என்னும் அளவில் பதிந்தால், ஒரு மணி நேரத்திற்கு ஏறத்தாழ 900 மெகாபைட் இடம் செல்லும். கணினி தானே உறங்கிவிடாதபடி அமைத்து, மின்னிணைப்பிலேயே வைத்தல் வேண்டும்.

இத்தனையும் செய்தும் முதன்முறை ஏமாந்தோம். பொங்கலன்று பதிவைத் தொடங்கிவிட்டு நாம் பணிக்குச் சென்றோம். அன்னையார் சங்கத்துப் பொங்கல் விழாவிற்குச் சென்றார். மாலையில் அனைவரும் அமர்ந்து பார்க்கையில், நடுவர் தீர்ப்புரைக்க எழுந்த தருணத்தில் கிரிக்கெட் ஆட்டம் தோன்றிற்று! வீட்டிலிருந்த நம் மைந்தன் ரிமோட்டைத் தொட்டிருந்தான். பெட்டியில் ஓடும் அலைவரிசை எதுவோ அதுவே பதியும் என்பதை அவனுக்குச் சொல்லாதது நம் பிழையே. "தீர்ப்பு எந்தப் பக்கமப்பா?" என்று அன்னையார் வினவியபோது விடையின்றி நின்றோம்.

சித்திரைப் புத்தாண்டன்று பிழையறப் பதிந்தோம். மைந்தன் பயிலும் பள்ளியில் தமிழ் இல்லை. புரியாத சொல் வந்ததும் அவன் படத்தை நிறுத்தி, "இதற்கு என்ன அர்த்தம், பாட்டி?" என்று கேட்கிறான். அன்னையார் விளக்குகிறார், விளக்கம் சில வேளை ஊர்க்கதையாகவும் நீள்கிறது. ஒரு மணி நேர நிகழ்ச்சியைப் பார்த்து முடிக்க அவ்விருவருக்கும் மூன்று நாட்களாயின.

ஒன்று நினைவில் இருத்தல் வேண்டும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, சொந்தத் தேவைக்கான நியாயமான பயன்பாட்டிற்கு விலக்களிக்கிறது. பதிவை விற்பதற்கோ ஊரெங்கும் பரப்புவதற்கோ அவ்விலக்கு இடந்தராது. நம் இல்லத்துக் கூடத்திற்கு அது போதும். பாட்டியும் பேரப்பிள்ளையும் உள்ள அன்பர்கள் முயன்று பார்ப்பார்களாக.